துபாய்க்கு ஒன்பது நிமிடம்

திருச்சியிலிருந்து துபாய்க்கு ஒன்பது நிமிடம் என்றான பிறகு, அங்கே வேலை பார்க்கும் நிஜாமுதீன் மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். வந்து உட்கார்ந்ததும், "கொழம்புல உப்பு தூக்கலா இருக்கு" என்பார்.

அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி ஜுலைகாவுக்குப் பழைய நினைப்பு வந்துவிடும். முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். சொந்தபந்தம் மொத்தமும் வேன் பிடித்து விமான நிலையத்துக்குப் போகும். கயிறு கட்டிய பெட்டியும் அத்தர் வாசமுமாக அவர் வெளியே வரும்போது அவளுக்கு நெஞ்சு படபடக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. வேன் பேசி, மாமியார், நாத்தனார்கள், மகள் ஷிஃபானா என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, தலைநிறையப் பூவோடு போய் விமான நிலைய வாசல் கம்பியோரம் நின்றாள்.

காலைப் பலகாரம் கொண்டுபோன டிபன் பையோடு வெளியே வந்த நிஜாமுதீனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலங்க. ஒங்கள அழைச்சிட்டுப் போக வந்தோம்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கையிலிருந்த டிபன் பையைப் பார்த்தார்.

"வெறுங்கையோட வந்துட்டேனே. இருங்க, ஒரு பெட்டி வாங்கிட்டு வந்துர்றேன்."

வந்த வழியே திரும்பி நடந்தவர், உள்ளே மறையுமுன் அந்தக் காலத்தைப் போலவே நின்று கையாட்டினார்.

ஜுலைகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஏம்மா அழுவுறீங்க? அத்தா இப்ப வந்துருவாங்கல்ல?" என்றாள் ஷிஃபானா.

"வந்துருவாங்கடி. அதுக்குள்ள கொஞ்சம் அழுதுக்கிறேன்."