தேசப்படத்தில் கடல்

கோப்பி இயந்திரத்தோடு வந்த கையேட்டை யோகமலர் மேசையில் விரித்து வைத்தாள். இயந்திரத்தின் பாகங்களைச் செய்யும் ஒன்பது நாடுகளும் அதன் தேசப்படத்தில் சிவப்பாக இருந்தன. அவளுடைய தீவு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கடல்.

அந்த இயந்திரத்துக்கான றப்பர் வளையத்தைப் பதினொரு வருடமாக வார்ப்பது அவளுடைய தொழிற்சாலைதான். புது ஒப்பந்தத்தோடு இயந்திரமொன்றையும் அன்பளிப்பாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார் வெளிநாட்டுக் கொம்பனியின் முகவர் டெரன்ஸ்.

“எங்கட நாட்டையும் போடச் சொல்லுங்கோ. பிறகு கையெழுத்து வைக்கிறன்” என்றாள்.

“ஒரு வளையம்தானே மேடம். அதுக்காகப் படத்தை மாத்தமாட்டினம்.”

யோகமலர் எழுந்து, இயந்திரத்தின் கோப்பித்தூள் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினாள். கிண்ணம் பொருந்தும் வாயில் இருந்த றப்பர் வளையத்தைப் பேனாக்கத்தியால் கிளப்பியெடுத்து வளையலைப்போலக் கையில் மாட்டிக்கொண்டு, கிண்ணத்தில் தூளைப் போட்டுத் திரும்பவும் இறுக்கினாள்.

“இப்ப ரெண்டு பேருக்கும் கோப்பி போடுங்கோ, தம்பி.”

டெரன்ஸ் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். இயந்திரம் உறுமியது. கோப்பைகளில் ஒரு சொட்டும் விழவில்லை. விளிம்பெல்லாம் பீறிய கறுப்புத் தண்ணீர் மேசையில் ஓடித் தேசப்படத்தில் ஏறியது. நாடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. டெரன்ஸ் பதறிக் கையேட்டைத் தூக்கப் போனார்.

“விடுங்கோ” என்றாள் யோகமலர். “அவையளும் கொஞ்ச நேரம் கடலா இருக்கட்டும்.”