சீமைப் பீங்கான்

வாங்க வந்தவன் பொருளைப் புகழக் கூடாது என்பது காயலான் கடைக்காரர்களின் முதல் பாடம். மஸ்தான் பாய்க்குத்தான் வாய் நிற்காதே. ஏகாம்பரம் வீட்டை இடித்தபோது கழற்றிப் போட்ட பழைய வாஷ்பேசினைக் கவிழ்த்து, அடியிலிருந்த முத்திரையைத் துடைத்துப் பார்த்தார்.

"சீமைப் பீங்கான் சார்! இப்பல்லாம் எங்க கெடைக்குது?"

ஏகாம்பரத்தின் முகம் மாறியது. "அப்ப விக்கல. கட்டப்போற வீட்டுலயும் இதையே மாட்டிக்கிறேன்."

அவர் மனைவி பூங்காவனத்தின் முன்பற்கள் போனது அதன் விளிம்பில்தான். வழுக்கி விழுந்தாள் என்று அவர் சொன்னார். தெருவே நம்பியதுபோல் நடித்தது.

"இது அங்க வரக் கூடாது" என்றாள்.

"அதச் சொல்ல நீ யாருடி?"

ஒரு குடம் தண்ணீருக்கே மூச்சு வாங்குகிறவள், இடிக்க வந்தவர்களின் சம்மட்டியைத் தூக்கினாள். முதல் அடி குறி தவறித் தரையைப் பெயர்த்தது. சீமைச் சரக்கு போய்விடுமே என்று ஏகாம்பரம் குனிந்து வாஷ்பேசினை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பெண்டாட்டியை அவர் அப்படிக் கட்டிக்கொண்டு நாங்கள் பார்த்ததில்லை.

"நகருய்யா" என்றாள், சம்மட்டியை மறுபடி ஓங்கியபடி.

சம்மட்டி இறங்குமுன் இரண்டு தரம் சொன்னாள் என்கிறாள் எதிர்வீட்டுக் கோமதி. மதிலோரம் நான்தான் முன்னால் நின்றேன். ஒரு தரம்தான் சொன்னாள்.