அக்காவுக்குச் சம்மதமா?

"சனி, ஞாயிறுல மட்டும்தான் நம்ம மேட்டுத் தோட்டத்துல புல்லு வெட்டப் போறேன் பூங்கொடி. வாரம் பூரா ஆபீஸ் இருக்குதே!" என்று போன வாரம் செங்கோட்டுவேல் சொன்னபோது, நாலு வருஷமாக மனதில் இருந்த ஆசையை விழுங்கிக்கொண்டு, "உங்க இஷ்டமுங்க" என்றாள் அவன் மனைவி.

இன்று இருவரும் புல்வெட்டி வாங்கப் போன கோவைக் கடையில் இயந்திரங்கள்தான் முதலாளியைத் தேர்ந்தெடுத்தன. சின்ன புல்வெட்டி, "இவரு தொப்பையோட மேட்டுல ஏறமாட்டாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பெரியது பெண் பார்க்க வந்ததுபோல உருண்டு வந்தது. "நாலடி அகலத்துக்கு வெட்டுவேன். சீக்கிரமா முடிப்பேன். வீட்டுல சம்மதமா?"

"சம்மதம்!" என்றான் செங்கோட்டுவேல்.

"நீங்க இருங்கண்ணா. அக்கா சொல்லட்டும்."

பூங்கொடி அதன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"எல்லாப் புல்லையும் சனிக்கிழமையே வெட்டி முடிச்சிரு சாமி. ஞாயித்துக்கிழமை இவரு எனக்கு வேணும்."