ஒரு நன்றி பாக்கி

அந்த நெட்டை டிரைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்க, ஒரு நிமிடம் விடாமல் என்னவோ பேசினான்.

"என்னடி சொல்றான்?"

"சௌக்கியமான்னு கேக்கறாரும்மா," என்றாள் மகள், பஸ் வரும் திசையைப் பார்த்தபடி.

"அதைக் கேக்கவா இவ்வளவு நேரம்? அதுக்கா கண்ணு கலங்குது?"

மகள் வேலை பார்க்கும் மையத்தின் வேனை ஓட்டுகிறவனாம் அவன். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. வேன் டிரைவருக்குத் தன்னைப் பார்த்ததும் பாசம் பொங்குவானேன்? மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்குத்தான் இப்படிப் பொங்கும் என்று அம்மா கணக்குப் போட்டாள். ஒருவேளை ஆகியே விட்டானோ?

ஒரே மகள். பிசியோதெரபி படித்துவிட்டு, நடக்க முடியாத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று சம்பளமில்லாமல் இரண்டு வருடத்துக்குக் கடல் கடந்து வந்தவள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்கப்புறம் வீடு திரும்புவாளா, இங்கேயே எவனையாவது கட்டிக்கொண்டு தங்கிவிடுவாளா? ஊர் பார்க்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அம்மா விமானம் ஏறியது இதைத் தெரிந்துகொள்ளத்தான்.

ஊரை என்னவோ நன்றாகவே பார்த்தாள். ஏரி, அருவி, மலை ரயில், பழைய கோட்டை, மறுபடியும் அதே ஏரி. இடுப்பில் ஆபரேஷன் ஆனவள் என்றும் பாராமல் ஒன்பது நாளும் பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கினாள் மகள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் மையத்துக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை.

"உங்க தலைவி அம்மாவை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்டி. நீ இங்க சேந்த நாலாவது மாசமே எனக்கு ஆபரேஷன். பதினஞ்சு நாள் உன்னை அனுப்பி வெச்சாங்களே! நீ வந்து பிடிச்சுப் பிடிச்சு நடக்க வெக்கலேன்னா நான் இன்னும் படுக்கையிலதான் கிடப்பேன். நேர்ல ஒரு நன்றி சொல்ல வேணாமா? சால்வைகூட வாங்கிட்டு வந்திருக்கேன்."

"அவங்க ரொம்ப பிஸிம்மா. சால்வையை நான் குடுத்துடறேன்."

"நன்றியையும் நீயே சொல்லிடுவியாக்கும்!"

மகள் பஸ் அட்டவணையைப் புரட்ட ஆரம்பித்தாள்.

டிரைவர் மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. கீழ்வீட்டுப் பெண்மணி மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் அம்மாவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். முனைக் கடைக்காரர் கையில் ஒரு பழத்தைத் திணித்து உச்சுக் கொட்டினார். ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை, அதனால்தான் இந்தப் பரிதாபம் என்று அம்மா முடிவு கட்டினாள்.

கணவருக்கு போன் போட்டாள். "உங்க பொண்ணு நம்ம தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாக்க விட்டாத்தானே!"

பத்தாம் நாள் காலை. மாலையில் விமானம். மகள் தலைக்குக் குளிக்கப் போன சமயம் பார்த்து, அம்மா சால்வைப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மகளின் சட்டையில் இருக்கும் அதே முத்திரை ஒரு கட்டட வாசலில் இருந்ததை மூன்றாம் நாளே பார்த்து வைத்திருந்தாள்.

உள்ளே நீளமான கூடம். சுவரெல்லாம் கண்ணாடி. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, காலில் பட்டை கட்டிய ஒரு சிறுமி அடிமேல் அடி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் டிரைவர் பரபரப்பாக நாற்காலி எடுத்துப் போட்டான். தலைவி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

பின்னாலேயே ஈரத்தலையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள் மகள். "யாரைக் கேட்டு இங்க வந்தே?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"இவனைத்தானே கட்டிக்கிட்டே? உண்மையைச் சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சொல்லும்போதே அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயோ, அவருக்குப் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க இருக்கு!"

"அப்ப வேற எவன்?"

அதற்குள் தலைவி அம்மாவின் கையைப் பிடித்துக் கூடத்தின் கோடிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு சின்ன மேஜை. மேஜைமேல் புதுப் பூக்கள், எரியும் மெழுகுவத்தி, நடுவில் சட்டம் போட்ட பெரிய புகைப்படம்.

படத்தில் இருந்தது அம்மாவேதான்.

தலைவி படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நெஞ்சில் கைவைத்து என்னவோ சொன்னாள்.

"என்னடி சொல்றாங்க?"

"அக்காவும் தங்கச்சியும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கீங்களாம்."

"எந்த அக்கா? நான் யாருக்குடி தங்கச்சி?"

மகள் அம்மாவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஆபரேஷனுக்குன்னுதான் லீவு கேட்டேன். சாவுக்கு மட்டும்தான் தருவோம்னாங்கம்மா."