பிணத்தின் சிரிப்பு

எண்ணெய் ஆலைக்காகச் சீரியலில் வருடக்கணக்கில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்கத்தான் இந்த டிவி படம். கடைசிக் காட்சியில் அண்ணன் பிணம். தம்பியாக நடித்த கதிரேசன் விழுந்து அழுதான். "கட்!" என்றதும் யூனிட்டே கைதட்டி அவனைச் சூழ்ந்துகொண்டது.

மூக்கில் பஞ்சோடு பூப்பல்லக்கில் கிடந்த சபாபதி மட்டும் எழவில்லை. பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது சினிமாக்காரர்கள் நம்பிக்கை. சிரிக்காமல் எழுந்த ஒருவர், போட்ட மாலை வாடுவதற்குள் போய்ச் சேர்ந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"தம்பி, என் சிரிப்பை எடுக்கச் சொல்லுப்பா."

"கேமராவை வேன்ல ஏத்தியாச்சுண்ணே. இருங்க, போன்ல எடுத்துடலாம்."

கதிரேசன் போனைத் தூக்கிப் பிடித்து, கிளிசரின் காயாத தன் முகத்தையும் செல்ஃபிக்குள் கொண்டுவந்தான்.

"அண்ணே, சிரிச்சிடாதீங்க. என் அழுகை கெட்டுடும்."

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. பாதி விரிந்த உதடுகளை என்ன செய்வதென்று தெரியாமல் சபாபதி கிடந்தார்.