ஒன்று கூட, ஒன்று குறைய

“பசுவுக்கு எத்தனை கால்?”

“அஞ்சு.”

கேட்டவள் சிரிக்கவில்லை. குழந்தைகளைச் சோதிக்கிறவர்கள் சிரிக்கக் கூடாது. விடை சரியோ தப்போ, ஒரே முகம், ஒரே “ம்”.

விடைத்தாளில் சுழியம் போட்டாள்.

“ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?”

“எட்டு.”

“ஒரு கையில எத்தனை விரல்?”

பொன்மாரி தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு மடியில் ஒளித்துக்கொண்டாள்.

“நாலு.”

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அந்தச் சின்ன ஆஸ்பத்திரி அறையின் நாற்காலியில், கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே பெஞ்சில் அம்மா. அம்மாவின் பக்கத்தில், பொன்மாரியோடு கூடப் பிறந்த தங்கமாரி.

இரட்டைப் பிள்ளைகள்.

தங்கமாரியைப் போன வாரமே சோதித்தாயிற்று. மனவளர்ச்சி குறைவு என்று அறிக்கையும் எழுதியாயிற்று. வெளியூர் சிறப்புப் பள்ளியில், விடுதியில் சேர்க்கலாம் என்று கடைசிப் பத்தியில் எழுதியது அவள்தான்.

இன்று அம்மா இவளையும் கூட்டி வந்திருந்தாள்.

“நல்லாப் படிச்ச பிள்ளை டாக்டரம்மா. ஒரு வாரமா இவளும் அவள மாரியே ஆயிட்டா. எது கேட்டாலும் ஏறுக்கு மாறாச் சொல்லுதான்னு டீச்சரும் சொல்லுதாக.”

சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை மேசையில் பரப்பினாள். அட்டையில் உள்ள படம்போல அடுக்க வேண்டும்.

பொன்மாரி அடுக்கினாள். எல்லாம் சரி. கடைசிக் கட்டை மட்டும் தலைகீழ்.

“முடிஞ்சதா?”

தலையாட்டினாள்.

டாக்டரம்மாவின் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். நிமிரும்போது மேசை விளிம்பில் பொன்மாரியின் விரல்கள் தெரிந்தன. கடைசிக் கட்டையைச் சட்டென்று சரியாகத் திருப்பின. அழகு பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றன.

பிறகு, மனசே இல்லாமல், மறுபடி தலைகீழாக்கின.

அவள் எதையும் பார்க்காததுபோல விடைத்தாளைப் பார்த்தாள்.

ஐந்து. எட்டு. நான்கு.

எல்லாம் ஒன்று கூட, அல்லது ஒன்று குறைய. இத்தனை கச்சிதமாகத் தவற வேண்டுமென்றால் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும்.

பசுவுக்கு எத்தனை கால் என்று கேட்டபோது தங்கமாரி சொன்ன விடை வேறு. “பால் கறக்கும்.”

பென்சிலைக் கீழே வைத்தாள்.

“இவ்வளவு நேரம் நான் கேட்டேன். இப்ப நீ ஏதாச்சும் கேளேன்.”

பொன்மாரி கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தங்கத்துக்கு எத்தனை மார்க்கு மிஸ்?”

“இங்க மார்க்கெல்லாம் கெடையாதும்மா.”

“பொய் சொல்லாதீங்க. இப்பக்கூட எனக்கு முட்டை போட்டீங்கல்ல.”

அவள் கை தானாக விடைத்தாளை மறைத்தது.

“அவளுக்கு எத்தனை முட்டையோ, எனக்கும் அத்தனையே போட்டுருங்க மிஸ். அங்க ஹாஸ்டல்ல படுக்கணுமாம். அவ தனியாப் படுக்க மாட்டா. என் காதப் பிடிச்சாத்தான் தூங்குவா.”

சொல்லும்போதே கை வலது காதுக்குப் போனது.

டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். சோதிக்கும் அறையில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான் இருக்கலாம் என்கிறது கையேடு.

“தங்கமாரி, நீயும் வாம்மா.”

தங்கமாரி வந்தாள். வேறு நாற்காலி இருந்தும் அதே நாற்காலியில் ஏறினாள். பொன்மாரி திரும்பிப் பார்க்காமலே நகர்ந்து இடம் விட்டாள்.

போன வாரம் இந்தக் கட்டைகளைத் தங்கமாரி தொடவே இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

பொன்மாரி தான் அடுக்கியதைக் கலைத்து ஒரு கட்டையை நீட்டினாள். “ஏட்டி, இந்தா. செவப்பு மேல வரணும்.”

தங்கமாரி கட்டையை வாங்கினாள். யோசித்தாள். பொன்மாரியின் உச்சந்தலையில் வைத்தாள்.

“கோட்டி! கிறுக்கி!”

இருவரும் நாற்காலி ஆடச் சிரித்தார்கள்.

அது தப்பா, கேலியா? கையேட்டில் அதற்கு இடமில்லை.

தங்கமாரி கட்டையைத் தலையிலிருந்து எடுத்தாள். ஒரு தடவை திருப்பினாள். இன்னொரு தடவை. பொன்மாரி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு பல்லைக் கடித்தபடி பொறுத்திருந்தாள். உதவவில்லை.

கட்டை தன் இடத்தில் உட்கார்ந்தது. பிறகு அடுத்தது. பிறகு கடைசி.

அட்டைப் படமும் கட்டைகளும் ஒன்றுபோல இருந்தன.

வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள்.

“இவளுக்கும் அதேதானா டாக்டரம்மா?”

“இல்லம்மா. போன வார அறிக்கைய ஸ்கூல்ல குடுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்ல. அவுகப்பா கொண்டு போறேன்னாக. பையிலதான் கெடக்கு.”

“அதத் தாங்க.”

எண்கள் எண்களாகவே இருக்கும். அவற்றை மாற்ற அவளுக்கு உரிமை இல்லை. எண்களுக்குக் கீழே இருந்த பத்தியை, ஒரே கோடாக அடித்தாள்.

மேலே எழுதினாள். பழைய பள்ளி. அதே வகுப்பு. சிறப்பு ஆசிரியர் அங்கே வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். இருக்கை, உடன்பிறந்தவளின் பக்கத்தில்.

“ஹாஸ்டல் வேண்டாம்மா. ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலுக்கே போகட்டும்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தங்கமாரி கட்டைகளைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

பொன்மாரி மட்டும் நாற்காலியிலிருந்து இறங்கினாள். மேசையைச் சுற்றி வந்தாள். விடைத்தாளில் வரிசையாக இருந்த முட்டைகளை எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“மிஸ், அத அழிச்சிருங்க.”

“ஏன்?”

“எனக்கு எல்லாம் தெரியும். மொதல்லேருந்து கேளுங்க.”

அவள் புதிய தாளை எடுத்தாள்.