முப்பத்திரண்டு ஓக் மரங்கள்

“அந்த பெயின்ட் டப்பாவைக் கீழ வைங்க சார்!”

வன அலுவலர் ஹென்னிங் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஓக் மரத்தில் வெள்ளைக் குறி ஒன்றைப் பாதி வரைந்திருந்தார்.

“யாரும்மா நீ?”

“வீப்கே. கோட்டிங்கன் பல்கலைக்கழகம். தத்துவம், மூணாம் வருஷம்.”

“அதானே பார்த்தேன். மரத்துக்கிட்ட பேசிக்கிட்டிரு. எனக்கு வேலை கிடக்கு.”

“என்ன பெரிய வேலை? உயிரோட நிக்கிறதுக்குக் குறி போட்டு, கட்டையாக் கணக்குப் பார்க்கிறதா? முந்நூறு வருஷமா உங்க விஞ்ஞானம் இயற்கையைக் காலுக்குக் கீழ வச்சிருக்கு. மாணவர் பத்திரிகையில நாலு பக்கம் எழுதியிருக்கேன், படிச்சீங்களா?”

“எங்கம்மா? பூச்சி அறிக்கை படிக்கவே பொழுது போயிடுது.”

“கிண்டலா? நான் எழுதறதோட நிக்கிற ஆள் இல்ல. போன வாரம் நாலு பேரோட வந்து முப்பத்திரண்டு மரத்துக் குறியையும் சுரண்டிட்டேன். துளி தடயம் கிடையாது!”

ஹென்னிங் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அது நீதானா?”

“நானேதான். போலீசுக்குப் போங்க.”

“போலீஸ் கிடக்கட்டும். இந்தப் பகுதி முழுக்க நோய் விழுந்திருச்சு. ஒண்ணு விடாம வெட்டச் சொல்லி உத்தரவு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு மிஷின் வருது. மரங்கொத்தி, வௌவால் குடியிருக்கிற மரத்தையாவது விடுங்கய்யான்னு மேலிடத்துல ரெண்டு வருஷம் மல்லுக்கட்டி வாங்கினது அந்த முப்பத்திரண்டு. வெள்ளைக் குறி இருந்தா மிஷின் தொடாது.”

வீப்கே மரத்தில் பாதியில் நின்ற வெள்ளைக் குறியைப் பார்த்தாள்.

“விடிஞ்சதுலேர்ந்து சுத்துறேன். ஞாபகத்துல இருபத்தொண்ணு கண்டுபிடிச்சிட்டேன். மிச்சம் பதினொண்ணு பிடிபடல. குளிர்காலத்துல இலை உதிர்ந்து கிடக்கிறப்போ பார்த்து வச்சது. இப்போ அடர்ந்து கிடக்கு, மேல பொந்தே தெரியல.”

டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“ஒவ்வொண்ணு கிட்டயும் நின்னு சுரண்டியிருக்கியே. எதெதுன்னு காட்டும்மா.”

வீப்கே சுற்றிலும் பார்த்தாள். நாலடி நடந்து மறுபடி பார்த்தாள்.

எல்லா மரங்களும் ஒரே மாதிரி இருந்தன.